பிரைவேட் சர்வர்களால் சந்தா விளையாட்டுகளுக்கு உண்மையில் நட்டம் எவ்வளவு?

2025 ஆகஸ்ட் இறுதியில், 'வேர்ல்ட் ஆஃப் வார்கிராஃப்ட்' விளையாட்டை நடத்தும் பிளிசார்ட் நிறுவனம், அதே ஆன்லைன் விளையாட்டை உரிமை பெறாமல் வழங்கும் 'டர்ட்டில் வாவ்' என்ற பிரைவேட் சர்வரை நடத்துவோர் மீது கலிஃபோர்னியாவிலுள்ள அமெரிக்கக் கூட்டாட்சி நீதிமன்றம் ஒன்றில் வழக்குத் தொடுத்தது. அதற்கு இரண்டு மாதங்களுக்கு முன்புதான், 'எவர்குவெஸ்ட்' விளையாட்டின் உரிமையாளரான டேபிரேக் நிறுவனம் 'தி ஹீரோஸ் ஜர்னி' என்ற சர்வருக்கு எதிராக நீதிமன்றம் சென்றிருந்தது; செப்டம்பரில் அதற்கு இடைக்காலத் தடையும் கிடைத்தது. ஒன்று 2004இல் வந்த விளையாட்டு, மற்றொன்று 1999இல் வந்தது. இத்தனை பழைய விளையாட்டைச் சிலர் வேறோர் இடத்தில் இலவசமாக ஆடினால் நிறுவனத்துக்கு என்ன குறைந்துவிடப் போகிறது என்று கேட்போரும் உண்டு. இது திருட்டு விசிடி போன்ற பச்சைத் திருட்டுதானே, இதில் யோசிக்க என்ன இருக்கிறது என்று கேட்போரும் உண்டு.

இரு தரப்பும் ஒரே கணக்கைத்தான் போடுகின்றன, விடைதான் வேறு. அந்தக் கணக்கே சரியா என்பதைப் பார்க்க, சந்தா விளையாட்டில் மாதாமாதம் விற்கப்படும் பொருள் எது என்பதிலிருந்து தொடங்க வேண்டும்.

பெயரைப் பற்றி ஒரு வார்த்தை. இவற்றைத் 'தனியார் சர்வர்' என்று மொழிபெயர்த்தால், அரசுப் பேருந்துக்கு எதிரான தனியார் பேருந்து போல அதிகாரப்பூர்வ சர்வர் ஏதோ அரசுடையது என்ற எண்ணம் வந்துவிடுகிறது. உரிமை பெறாதவர்கள் நடத்துவது என்பதே இங்குப் பொருள். ஆகவே, ஆடுபவர்கள் சொல்வது போலவே 'பிரைவேட் சர்வர்' என்றே இக்கட்டுரையில் எழுதப்படுகிறது.

விளையாட்டின் ஒரு பாதி மட்டுமே நம் கணினியில் இருக்கிறது

பர்மா பஜாரில் வாங்கிய திருட்டு விசிடியில் படம் முழுவதும் இருந்தது. தட்டைப் போட்டால் ஓடும். தயாரிப்பாளரிடம் மேற்கொண்டு கேட்டு வாங்க ஒன்றும் இல்லை. ஆன்லைன் விளையாட்டின் அமைப்பு வேறு. நாம் இறக்கி நிறுவும் பகுதிக்குக் கிளையன்ட் என்று பெயர். மலை, காடு, ஊர், பாத்திரங்களின் உருவம், இசை, குரல் எல்லாம் அதில் இருக்கின்றன. ஆனால் ஓர் ஓநாயை வாளால் வெட்டினால் அதன் உயிரில் எவ்வளவு குறையும், அது செத்தால் எந்தப் பொருள் விழும், அதே இடத்தில் மீண்டும் எத்தனை நிமிடத்தில் தோன்றும், பக்கத்தில் நிற்கும் மற்றவர் அந்த நொடியில் என்ன செய்கிறார் என்பவையெல்லாம் சர்வரில்தான் முடிவாகின்றன. கிளையன்ட் மேடை என்றால், நாடகத்தை நடத்துவது சர்வர்.

சர்வரின் நிரலை நிறுவனம் யாருக்கும் தருவதில்லை. கிளையன்டுக்கும் சர்வருக்கும் இடையே என்னென்ன செய்திகள் போய் வருகின்றன என்பதைக் கவனித்துப் பதிவு செய்து, அதே பதில்களைத் தரக்கூடிய வேறொரு நிரலைத் தன்னார்வலர்கள் எழுதுகிறார்கள். இதற்கு எமுலேட்டர் என்று பெயர். வார்கிராஃப்டுக்கு 2005இல் தொடங்கிய 'மாங்கோஸ்', அதிலிருந்து 2008இல் பிரிந்த 'டிரினிட்டி கோர்' ஆகியவை இத்தகைய திறமூலத் திட்டங்கள். இன்று உலகெங்கும் நடக்கும் வார்கிராஃப்ட் பிரைவேட் சர்வர்களில் பெரும்பாலானவற்றின் வேர் இவற்றில் ஒன்றில்தான் இருக்கிறது.

ஆடுபவர் செய்ய வேண்டியது மிகக் குறைவு. பழைய கிளையன்ட் ஒன்றின் கோப்புறைக்குள் 'ரெல்ம்லிஸ்ட்' என்ற சிறு கோப்பு இருக்கும். நோட்பேடில் திறந்தால் 'செட் ரெல்ம்லிஸ்ட்' என்று தொடங்கும் ஒற்றை வரியும், அதையடுத்து நிறுவனத்தின் சர்வர் முகவரியும் தெரியும். அந்த முகவரியை அழித்துவிட்டுப் பிரைவேட் சர்வரின் முகவரியைத் தட்டிச் சேமித்தால் போதும். அடுத்த முறை கடவுச்சொல்லைப் போட்டு உள்நுழையும்போது, அதே ஊர், அதே இசை, அதே ஓநாய். ஓநாயின் உயிரைக் கணக்கிடும் கணினி மட்டும் வேறொருவருடையது.

எனவே நிறுவனம் மாதாமாதம் விற்பது கிளையன்டை அல்ல. எவர்குவெஸ்ட் 1999இல் மாதம் 9.89 டாலருக்கும், வார்கிராஃப்ட் 2004இல் 14.99 டாலருக்கும் விற்கத் தொடங்கியவை மூன்று: சர்வர் இடைவிடாமல் ஓடுவது, அதில் அவ்வப்போது புதியது சேர்வது, உள்ளே நுழைந்தால் ஆள் இருப்பது. மூன்றாவதைத்தான் பலரும் கணக்கில் சேர்க்க மறந்துவிடுகிறார்கள்.

தலைக்கு இவ்வளவு என்ற கணக்கு

'நோஸ்டால்ரியஸ்' என்ற பிரைவேட் சர்வர், வார்கிராஃப்டின் 2006ஆம் ஆண்டு நிலையை அப்படியே மீட்டு, 2015 பிப்ரவரியில் தொடங்கப்பட்டது. 2016 ஏப்ரலில் பிளிசார்டின் வழக்கறிஞர் கடிதம் கிடைத்து மூடப்பட்டபோது, தங்களிடம் 8 லட்சம் பதிவுக் கணக்குகளும், தொடர்ந்து ஆடுவோர் ஒன்றரை லட்சம் பேரும் இருந்ததாக அதன் நிர்வாகிகள் கூறினார்கள். ஒன்றரை லட்சத்தை 14.99ஆலும், அதை 12ஆலும் பெருக்கினால் ஆண்டுக்கு ஏறத்தாழ 2 கோடியே 70 லட்சம் டாலர் வருகிறது. நட்டத்தைப் பற்றிய பேச்சு பெரும்பாலும் இந்தப் பெருக்கலோடு நின்றுவிடுகிறது.

இந்தக் கணக்கு செல்லுபடியாக வேண்டுமானால், அந்த ஒன்றரை லட்சம் பேரும் சர்வர் இல்லாதிருந்தால் சந்தா கட்டியிருப்பார்கள் என்று ஏற்க வேண்டும். அவர்கள் ஒரே வகையினர் அல்லர்.

1. எந்த நிலையிலும் சந்தா கட்டாதவர்கள். மாணவர்கள், மாதம் 15 டாலர் பெரிய தொகையாகத் தெரியும் நாடுகளில் இருப்பவர்கள், ஒரு வாரம் ஆடிப் பார்த்துவிட்டுப் போகிறவர்கள். இவர்கள் போனதால் நிறுவனத்துக்கு ஒரு காசும் குறையவில்லை.

2. கட்ட விரும்பினாலும், தாம் விரும்பும் பொருள் கடையில் இல்லாதவர்கள். 2006 வார்கிராஃப்டை 2015இல் பிளிசார்ட் விற்கவே இல்லை. விற்பனைக்கு இல்லாத சரக்கின் விற்பனை குறைந்தது என்று சொல்ல முடியாது. ஆனால் விற்றிருந்தால் கிடைத்திருக்கும் வருமானம் என்று ஒன்று உண்டு. அதற்குப் பிறகு வருவோம்.

3. இங்கும் கட்டி அங்கும் ஆடுகிறவர்கள். இரண்டு பெரிய வெளியீடுகளுக்கு இடையே அதிகாரப்பூர்வ விளையாட்டில் செய்ய ஒன்றும் இல்லாத மாதங்களில் இவர்கள் பிரைவேட் சர்வரில் காலம் கழித்துவிட்டுத் திரும்புகிறார்கள்.

4. சந்தாவை நிறுத்திவிட்டு அங்கே போனவர்கள். நேரடி நட்டம் என்று சொல்லக்கூடியவர்கள் இவர்கள் மட்டுமே.

நான்காம் வகையினர் எத்தனை பேர் என்பதைப் பிரைவேட் சர்வரின் ஆள் எண்ணிக்கை காட்டாது. நிறுவனத்தின் சந்தா நிறுத்தப் பதிவேடுதான் காட்டும்.

சென்னையிலிருந்து பார்த்தால்

முதல் வகையை விலை மட்டுமே உருவாக்குவதில்லை. 14.99 டாலர் என்பது இன்றைய மாற்று விகிதத்தில் 1,300 ரூபாயை ஒட்டி வருகிறது. ஒரு வீட்டின் இணைய இணைப்புக்கும் ஓரிரு ஓடிடி சந்தாவுக்கும் ஆகும் தொகை. அதைக் கொடுக்கத் தயாராக இருந்தவர்களுக்கும் வேறொரு தடை வந்தது. கார்டிலிருந்து மாதாமாதம் தானாகப் பிடித்தம் செய்யும் முறைக்குக் கூடுதல் உறுதிப்படுத்தலும் முன்னறிவிப்பும் தேவை என்ற ரிசர்வ் வங்கியின் விதி 2021 அக்டோபர் 1 முதல் நடைமுறைக்கு வந்தபோது, வெளிநாட்டு நிறுவனங்களுக்கான சந்தாக்கள் பல தடைபட்டன. கணக்கில் பணம் இருந்தும், கார்டு கையில் இருந்தும், பிடித்தம் நடக்கவில்லை. விதியின் நோக்கம் வாடிக்கையாளரின் பாதுகாப்புதான்; அதில் குறை சொல்ல ஒன்றும் இல்லை. ஆனால் இப்படிச் சந்தா அறுந்தவரைத் திருட்டுக் கணக்கில் சேர்ப்பது பொருந்தாது.

அதிகாரப்பூர்வ சர்வர் ஐரோப்பாவில் இருப்பதால், தூரத்தையும் சிலர் காரணமாகச் சொல்கிறார்கள். அது அவ்வளவாக எடுபடாது. சென்னைக்கும் ஃபிராங்க்ஃபர்ட்டுக்கும் இடையே நேர்கோட்டில் ஏறத்தாழ 7,600 கிலோமீட்டர். கண்ணாடி இழையில் ஒளி நொடிக்கு 2 லட்சம் கிலோமீட்டர் அளவில்தான் செல்லும் என்பதால், ஒரு செய்தி போய்த் திரும்பவே குறைந்தது 76 மில்லிநொடி ஆகிவிடுகிறது. கடலடிக் கேபிள்கள் செங்கடல் வழியாகச் சுற்றிப் போவதால் உண்மையான பிங், அதாவது செய்தி போய்த் திரும்பும் நேரம், இதைவிடக் கணிசமாகக் கூடும். ஆனால் பிரைவேட் சர்வர்களும் பெரும்பாலும் ஐரோப்பாவில்தான் இருக்கின்றன. நோஸ்டால்ரியஸ் பிரான்சில் இருந்தது. நம்மூர்க்காரருக்கு இரண்டும் ஒரே தூரம்தான்.

நோஸ்டால்ரியஸ் மூடப்பட்ட பின் நடந்தது

பிரைவேட் சர்வர் பற்றிய எந்த விவாதத்திலும் இந்தச் சர்வரின் பெயர் வராமல் இராது. இரு தரப்பும் தமக்குச் சாதகமான பாதியை மட்டும் எடுத்துச் சொல்வதால், வரிசையாகவே பார்க்கலாம்.

வார்கிராஃப்டின் சந்தாதாரர் எண்ணிக்கை 2010இல் 1 கோடியே 20 லட்சம் என்ற உச்சத்தைத் தொட்டது. அதன் பிறகு சரிந்து, 2014 நவம்பரில் ஒரு புதிய எக்ஸ்பான்ஷன் (விளையாட்டோடு சேரும் பெரிய கூடுதல் பகுதி) வெளியானபோது ஒரு கோடிக்கு மீண்டும் ஏறியது. 2015இன் முதல் காலாண்டு முடிவில் அது 71 லட்சம். இரண்டாவதன் முடிவில் 56 லட்சம். மூன்றாவதன் முடிவில் 55 லட்சம். நோஸ்டால்ரியஸ் திறந்ததும் இதே 2015இல்தான். இரண்டையும் அருகருகே வைத்தால் ஒன்று மற்றொன்றைத் தின்றது போலத் தோன்றும்.

ஆனால் அந்த ஒன்பது மாதங்களில் விட்டுப் போனவர்கள் ஏறத்தாழ 45 லட்சம் பேர். நோஸ்டால்ரியஸில் தொடர்ந்து ஆடிய அத்தனை பேரும் நான்காம் வகையினர்தான் என்று வைத்துக்கொண்டாலும், அதில் நூற்றுக்கு மூன்றரைக்கும் குறைவாகவே அவர்கள் வருவார்கள். எஞ்சிய தொண்ணூற்றாறு பேரும் வேறு காரணத்துக்காகவே வெளியேறினார்கள். எக்ஸ்பான்ஷனில் முதல் சில வாரங்களுக்குப் பின் செய்யப் போதுமானதாக ஒன்றும் இல்லை என்பது அப்போது ஆடியவர்கள் பரவலாகச் சொன்ன குறை. கூரையில் பெரிய ஓட்டை இருக்கும்போது சுவரின் கசிவைக் குற்றம் சாட்டுவது போன்றது, சரிவுக்குப் பிரைவேட் சர்வரைக் காரணம் காட்டுவது.

நோஸ்டால்ரியஸ் மூடப்பட்டதும், பழைய விளையாட்டை நிறுவனமே நடத்த வேண்டும் என்ற மனுவில் இரண்டு லட்சத்துக்கு மேற்பட்டோர் கையொப்பமிட்டார்கள். இதில் ஒரு முன்கதையும் உண்டு. 2013இல் நடந்த நிறுவனத்தின் ஆண்டு விழாவில் இதே கோரிக்கையை ஒருவர் எழுப்பியபோது, மேடையில் இருந்த நிறுவன நிர்வாகி ஜே. ஆலன் பிராக், வேண்டும் என்று நீங்கள் நினைக்கிறீர்கள், உண்மையில் உங்களுக்கு அது வேண்டாம் என்ற பொருளில் பதில் சொல்லியிருந்தார். மனுவுக்குப் பின் 2016 ஜூனில் நோஸ்டால்ரியஸ் குழுவினரை நிறுவனம் அழைத்துப் பேசியது. 2017 நவம்பரில், அதே ஆண்டு விழாவில், 'வார்கிராஃப்ட் கிளாசிக்' அறிவிக்கப்பட்டது. 2019 ஆகஸ்டில் அது வெளியானபோது தனிக் கட்டணம் இல்லை, வழக்கமான சந்தாவே போதும். அந்தக் காலாண்டில் சந்தா ஏறிய அளவு விளையாட்டின் வரலாற்றிலேயே மிகப் பெரியது என்று தாய் நிறுவனமான ஆக்டிவிஷன் பிளிசார்ட் தன் அறிக்கையில் தெரிவித்தது.

இதிலிருந்து, பிரைவேட் சர்வர்தான் நிறுவனத்துக்கு லாபம் தேடித் தந்தது என்று முடிவுகட்டிவிடுகிறவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். சர்வர் இல்லாமலும் இப்படி ஒரு முடிவு வந்திருக்கலாம். 'ரூன்ஸ்கேப்' விளையாட்டை நடத்தும் ஜாகெக்ஸ் நிறுவனம், கையிலிருந்த 2007 ஆகஸ்டு மாதக் காப்புப் பிரதியைக் கொண்டு பழைய வடிவத்தைத் திரும்பக் கொண்டுவரலாமா என்று ஆடுபவர்களிடமே வாக்கெடுத்தது. நான்கு லட்சத்துக்கும் மேற்பட்ட வாக்குகள் விழுந்தன. 2013 பிப்ரவரியில் 'ஓல்ட் ஸ்கூல் ரூன்ஸ்கேப்' தொடங்கியது. தேவையை அறிய வாக்கெடுப்பே போதுமானதாக இருந்தது. நோஸ்டால்ரியஸ் நிரூபித்தது இன்னும் குறுகிய ஒன்று: மறந்துபோன சரக்கு என்று கிடங்கில் போட்டதற்கு வாங்க ஆள் இருக்கிறது, அவர்கள் இத்தனை பேர், இத்தனை மாதம் விடாமல் ஆடுகிறார்கள் என்பதை நிறுவனத்தின் செலவில்லாமல் காட்டியது.

ஆனால் 2019க்குப் பிறகு இதே வாதம் தலைகீழாகிவிட்டது. நிறுவனமே பழைய வார்கிராஃப்டை விற்கத் தொடங்கிய நாளிலிருந்து, மேலே சொன்ன இரண்டாம் வகையினருக்குக் கடையில் சரக்கு இருக்கிறது. டர்ட்டில் வாவ் அதே பழைய உலகை எடுத்து, அதில் புதிய நிலப்பகுதிகளையும் புதிய இனங்களையும் சேர்த்து, கிளாசிக் ஆடுபவர்கள் நிறுவனத்திடம் எதிர்பார்த்துக்கொண்டிருந்ததையே தந்தது. 2015இல் இல்லாத கடைக்கு எதிரே போட்ட கடை அது; 2025இல் திறந்திருக்கும் கடைக்கு நேர் எதிரே, அதே பலகாரத்தோடு, இன்னும் இரண்டு வகை கூடுதலாகப் போட்ட கடை இது. இரண்டையும் ஒரே தட்டில் வைத்து, அன்று பிளிசார்டுக்கு நன்மை செய்தார்கள், இன்றும் செய்கிறார்கள் என்று வாதிடுவதை ஏற்க முடியவில்லை.

88 மில்லியன் டாலர் எதைக் காட்டுகிறது

நட்டத்தைப் பற்றிப் பேசும்போது அடிக்கடி மேற்கோள் காட்டப்படும் மற்றொரு தொகை, 2010 ஆகஸ்டில் 'ஸ்கேப்கேமிங்' என்ற வார்கிராஃப்ட் சர்வரை நடத்தியவருக்கு எதிராகக் கலிஃபோர்னியா நீதிமன்றம் விதித்த 88 மில்லியன் டாலர். கேட்டதும் மலைக்க வைக்கும் தொகை. பிரித்துப் பார்த்தால் வேறு கதை தெரிகிறது.

1. இதில் 8,54,78,600 டாலர் சட்டப்படி நிர்ணயிக்கப்பட்ட இழப்பீடு. அந்தச் சர்வரின் பயனர் எண்ணிக்கை 4,27,393. ஆளுக்கு 200 டாலர் வீதம் பெருக்கியதே இந்தத் தொகை. அனுமதியில்லாதவர் பயன்படுத்தாமல் தடுக்கும் மின்னணுப் பூட்டை உடைத்த ஒவ்வொரு செயலுக்கும் அமெரிக்கச் சட்டம் குறிப்பிடும் குறைந்தபட்சத் தொகை 200 டாலர். பிளிசார்டிடமிருந்து எத்தனை சந்தா போனது என்பதை அளந்து பெற்ற எண் அல்ல இது.

2. எதிர்த்தரப்பு வழக்கில் ஆஜராகவே இல்லை. எனவே நட்டம் உண்டா இல்லையா என்று சாட்சியங்களை வைத்து வாதம் நடக்கவில்லை.

3. எஞ்சியதில் 30,52,339 டாலர், சர்வரை நடத்தியவர் அதன் மூலம் ஈட்டிய ஆதாயம். நன்கொடை என்ற பெயரில் பணம் வாங்கிக்கொண்டு விளையாட்டுக்குள் பொருள்களைக் கொடுத்தார்கள்.

இந்த மூன்றாவது எண்ணில்தான் விஷயம் இருக்கிறது. பிரைவேட் சர்வரின் ஆதரவாளர்கள் சொல்லும் மிக வலுவான வாதம், அங்கே ஆடுகிறவர்கள் எப்படியும் பணம் கொடுக்காதவர்கள் என்பது. கொடுக்காதவர்கள் என்றால் 30 லட்சம் டாலர் யார் பையிலிருந்து வந்தது? மாதம் 15 டாலர் கட்ட முடியாதவர் என்று நாம் முதல் வகையில் சேர்த்தவர்களில் ஒரு பகுதியினர், ஒரு வாளுக்கும் கவசத்துக்கும் பணம் கட்டத் தயாராக இருந்திருக்கிறார்கள். விளையாட்டை உருவாக்கியவருக்குப் போகாத பணம், அதன் சர்வரைப் போலச் செய்து வைத்தவருக்குப் போயிருக்கிறது. ஆகவே ஒரு பிரைவேட் சர்வரை எடைபோட அதன் ஆள் எண்ணிக்கையைவிட, அதற்குள் கடை இருக்கிறதா என்ற கேள்வி நல்ல அளவுகோல்.

எவர்குவெஸ்டின் பழைய வடிவத்தை 2009 முதல் நடத்திவரும் 'புராஜெக்ட் 1999' பொருள் எதுவும் விற்காதது. டேபிரேக் நிறுவனம் 2015இல் அதனுடன் எழுத்துப்பூர்வமாக உடன்பாடு செய்துகொண்டது. அதே டேபிரேக்தான் பத்தாண்டு கழித்து வேறொரு எவர்குவெஸ்ட் சர்வரை நீதிமன்றத்துக்கு இழுத்தது. பணம் வசூலித்ததும், தன் சந்தாதாரர்களை இழுத்துக்கொண்டதும் அதன் முக்கியப் புகார்கள்.

தலைக்கணக்கில் வராத சேதம்

இதுவரை பார்த்தவை பெரும்பாலும் நிறுவனத்துக்குச் சாதகமாக இல்லை. ஆனால் அது சொல்லாமல் விடுகிற ஒரு சேதம் இருக்கிறது. என் கணிப்பில் அதுவே பெரிது.

திருவல்லிக்கேணி மேன்சன்களை நம்பி நடக்கும் ஒரு மெஸ்ஸை எடுத்துக்கொள்வோம். அறுபது பேர் மாத டோக்கன் எடுத்திருக்கிறார்கள். அடுப்பு, ஆள் கூலி, வாடகை எல்லாம் நாற்பது பேர் சாப்பிட்டாலும் அறுபது பேர் சாப்பிட்டாலும் ஏறத்தாழ ஒன்றுதான். ஒரே மேன்சனிலிருந்து சேர்ந்தே வரும் ஆறு நண்பர்களில் இரண்டு பேர் வேறு இடத்துக்கு மாறினால் மெஸ்காரர் இரண்டு டோக்கனை மட்டும் இழப்பதில்லை. அடுத்த மாதம் எஞ்சிய நால்வரும் அந்த இருவரின் பின்னால் போய்விடுகிறார்கள்.

ஆன்லைன் விளையாட்டில் இது இன்னும் கறாரானது. வார்கிராஃப்டின் தொடக்க காலப் பெரிய ரெய்டுகளுக்கு, அதாவது வலிய எதிரிகளைப் பலர் கூடி வீழ்த்தும் சண்டைகளுக்கு, 40 பேர் ஒரே நேரத்தில் சேர வேண்டும். அதற்கான குழுவைக் கில்ட் என்கிறார்கள். யார் அடி வாங்குவது, யார் குணப்படுத்துவது, யார் தாக்குவது என்று வேலை பிரிக்கப்பட்டிருக்கும். குணப்படுத்துவோரில் நான்கு பேர் ஒரு பிரைவேட் சர்வருக்குப் போய்விட்டால், புதன்கிழமை இரவு ரெய்டு நடக்காது. இரண்டு வாரம் நடக்காவிட்டால் மற்ற முப்பத்தாறு பேரும் எதற்காக உள்ளே வருகிறோம் என்று கேட்கத் தொடங்குவார்கள். அவர்களில் பலர் பிரைவேட் சர்வருக்கும் போக மாட்டார்கள், சும்மா நிறுத்திவிடுவார்கள். தலைக்கணக்கில் நால்வர் மட்டுமே தெரிவார்கள்.

சேதத்தின் அளவு, விளையாட்டின் பருமனைப் பொறுத்தது என்பது இதிலிருந்து தானாகவே வருகிறது. சந்தாதாரர்கள் லட்சக்கணக்கில் உள்ள விளையாட்டில் ஒரு கில்ட் கலைந்தால் வேறொன்றில் இடம் கிடைக்கும். சிறிய விளையாட்டில், ஒரு சர்வரின் மாலை நேரக் கூட்டமே இருநூறு முந்நூறு பேர் என்றால், ஐம்பது பேர் போவது ஊரே காலியாவது போன்றது. டேபிரேக்கின் கவலை பிளிசார்டின் கவலையைவிட நியாயமானதாக எனக்குத் தோன்றுவதற்கு இதுவே காரணம்.

இதன் மறுபக்கத்தையும் சொல்லியாக வேண்டும். கூட்டம் ஓரிடத்தில் சேர்ந்தே இருந்தால் திரும்பவும் சேர்ந்தே வரக்கூடும். பிரைவேட் சர்வர்களில் ஆண்டுக்கணக்கில் ஒன்றாக ஆடிய கில்ட்களில் சில, 2019இல் அப்படியே கிளாசிக்குக்குக் குடிபெயர்ந்தன. அவர்களுக்கு இடம் கொடுத்தது பிரைவேட் சர்வர்; சந்தா வாங்கியது பிளிசார்ட்.

மூடிவிட்ட விளையாட்டுகள்

சந்தாவே வாங்காத நிலையில் சந்தா நட்டம் என்ற பேச்சுக்கு இடமில்லை. 'சிட்டி ஆஃப் ஹீரோஸ்' 2004 ஏப்ரலில் தொடங்கி 2012 நவம்பர் 30 அன்று மூடப்பட்டது. அதன் சர்வர் ஒன்று பல ஆண்டுகள் சிலருக்கு மட்டும் தெரிந்து மறைவாக ஓடிக்கொண்டிருந்தது என்பது 2019இல் வெளியானது. அந்த நிரல் பொதுவெளிக்கு வந்து, பல சர்வர்கள் முளைத்தன. அவற்றில் 'ஹோம்கமிங்' என்பதற்கு 2024 ஜனவரியில் உரிமையாளரான என்சிசாஃப்ட் முறைப்படி உரிமம் அளித்தது. இங்கே நட்டம் என்று யாராவது பேசினால், எதிர்காலத்தில் நிறுவனம் திரும்பத் திறக்கக்கூடும் என்ற வாய்ப்பு ஒன்றுதான் மிச்சம்.

இந்தியச் சட்டம் சொல்வது

நட்டம் உண்டா என்பதும், சட்டப்படி சரியா என்பதும் வெவ்வேறு கேள்விகள். நட்டமே இல்லாவிட்டாலும் உரிமை மீறல் மீறலே.

1957ஆம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டம் கணினி நிரலை இலக்கியப் படைப்பாகவே கருதுகிறது. அதன் 52ஆம் பிரிவு, முறையாக நிரலை வைத்திருப்பவர் அதன் இயக்கத்தைக் கவனித்துப் படிப்பதற்கும், தனியே எழுதிய வேறொரு நிரல் அதனோடு இணைந்து இயங்கத் தேவையான தகவலைப் பெறுவதற்கும் விலக்கு அளிக்கிறது. எமுலேட்டரைப் புதிதாக எழுதுவதற்கு ஆதரவாக இதைக் காட்ட இடமுண்டு. ஆனால் கிளையன்டைப் பிரதி எடுத்து மற்றவர்களுக்கு வழங்குவதற்கு இந்த விலக்கு உதவாது. 63ஆம் பிரிவில் ஆறு மாதம் முதல் மூன்று ஆண்டு வரை சிறையும், 50,000 முதல் 2 லட்சம் ரூபாய் வரை அபராதமும் உண்டு. திருட்டுப் பிரதி என்று தெரிந்தே கணினியில் பயன்படுத்துவதை 63-பி தனியாகக் குறிப்பிடுகிறது. உரிமையை மீறும் எண்ணத்தோடு மின்னணுப் பூட்டை உடைப்பதை, 2012இல் சேர்க்கப்பட்ட 65-ஏ குற்றமாக்குகிறது. அமெரிக்காவிலோ, பிளிசார்டின் 'பேட்டில்நெட்' சேவைக்கு மாற்றாக எழுதப்பட்ட நிரலுக்கு எதிராக 2005இலேயே மேல்முறையீட்டு நீதிமன்றம் தீர்ப்பளித்துவிட்டது. அந்தச் சேவைக்குச் சந்தாவே கிடையாது என்பது கவனிக்கத்தக்கது.

2025 ஆகஸ்டில் நாடாளுமன்றம் நிறைவேற்றிய ஆன்லைன் விளையாட்டுச் சட்டத்தையும் இதோடு சிலர் குழப்பிக்கொள்கிறார்கள். அது பணம் வைத்து ஆடும் விளையாட்டுகளுக்கான தடை. பந்தயமாக இல்லாத வரை, சந்தா கட்டி ஆடுவதை அச்சட்டம் தடுக்கவில்லை.

வழக்குகள் இந்தக் கேள்விக்கு விடை தருமா

பெரும்பாலும் தராது, அதற்குக் காரணங்கள் உண்டு. இத்தகைய பூசல்களில் பல, நோஸ்டால்ரியஸ் போல, வழக்கறிஞர் கடிதத்தோடு முடிந்துவிடுகின்றன. நீதிமன்றம் வரை போனாலும், அமெரிக்கப் பதிப்புரிமைச் சட்டத்தில் உரிமையாளர் தன் உண்மையான நட்டத்தைக் கணக்குக் காட்டலாம். அல்லது இறுதித் தீர்ப்புக்கு முன் எப்போது வேண்டுமானாலும், சட்டம் நிர்ணயித்த தொகையே போதும் என்று கேட்டுக்கொள்ளலாம். இரண்டாவது வழியில் போகிறவர், எத்தனை சந்தாதாரர்கள் எந்த மாதம் எதற்காக நிறுத்தினார்கள் என்ற பதிவேட்டைத் திறந்து காட்ட வேண்டிய கட்டாயம் குறைந்துவிடுகிறது. ஸ்கேப்கேமிங் தீர்ப்பின் பெரும்பகுதி இப்படி வந்ததுதான்.

வெளியிலிருந்து கணக்கிடவும் வழி அடைபட்டிருக்கிறது. வார்கிராஃப்டின் சந்தாதாரர் எண்ணிக்கையைக் காலாண்டுதோறும் வெளியிட்டுவந்த ஆக்டிவிஷன் பிளிசார்ட், 55 லட்சம் என்று அறிவித்த அதே 2015 நவம்பரில், இனி அந்த எண்ணை வெளியிடப் போவதில்லை என்றும் அறிவித்தது.